துவையலாய்ப் போன செடி

பிள்ளை இல்லாத குறைக்குத்தான் செடி வளர்த்தாள் என்று என்னைப் பற்றி ஆம்பூரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பேச்சு மட்டும் சாகவில்லை. சமீபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அடுத்தவளிடம் அதையே சொன்னாள். கிழவிக்குக் காது கேட்காது என்று நினைத்தாள் போலிருக்கிறது. எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. அதனால் முதலில் அந்தப் பேச்சைத் தீர்த்துவிடுகிறேன். எனக்குச் செடி பிடிக்கும், வளர்த்தேன். மடி நிறையப் பிள்ளைகள் இருந்திருந்தாலும் வளர்த்திருப்பேன். இதே காரியத்தை ஓர் ஆண்பிள்ளை செய்திருந்தால் ஒருவரும் அவனுக்கு எத்தனை குழந்தை என்று விசாரித்திருக்க மாட்டார்கள்.

என் வீட்டுக்காரருக்கு டேனரி ஒன்றில் பட்டைக் கிடங்கு வேலை. ஆவாரம்பட்டை இல்லாமல் எங்கள் பக்கத்தில் தோல் பதப்படாது. ஆலங்காயத்து மலையடிவாரத்திலிருந்து மாட்டு வண்டிகளில் மூட்டை மூட்டையாக வரும். அதை இறக்கி, அடுக்கி, இடிக்கிற இடத்துக்கு எடுத்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. ஒரு மழைக்காலத்தில் தெப்பமாக நனைந்துபோன மூட்டை ஒன்றை எங்கள் பின்கட்டில் கொண்டுவந்து உலர்த்தினார். பட்டைக்கு நடுவே ஒரு சின்னக் கிழங்கு கிடந்தது. அதிலிருந்து சிவப்பாக ஒரு தண்டு, அதன் நுனியில் ஒரே ஓர் இலை. இலையின் ஒரு பக்கம் பெரிசாக, மறுபக்கம் சின்னதாக, வெட்டத் தெரியாத தையல்காரன் வெட்டின சட்டை மாதிரி இருந்தது. எனக்குப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. உடைந்த சட்டி ஒன்றில் நட்டு வைத்தேன். கோணலிலை என்று பேர் வைத்தேன்.

அது பிகோனியா என்று எனக்குச் சொன்னவள் டேனரி முதலாளி சாயபுவின் சம்சாரம். அவளுக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. கோஷா வீடு, அவள் வெளியே வரமாட்டாள், நான்தான் போவேன். அவளுடைய உள்முற்றத்தில் பெங்களூரிலிருந்து வரவழைத்த தொட்டிச் செடிகள் வரிசையாக இருக்கும். அதில் வெள்ளிப்புள்ளி போட்ட கோணல் இலை ஒன்றைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். என் சட்டிச் செடியைப் பற்றிச் சொன்னதும் அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். உன்னுடையதும் இதே ஜாதிதான், ஆனால் காட்டு ஜாதி, அது கடையில் கிடைக்காது என்றாள். அன்று முதல் நாங்கள் தோஸ்த். அவள் உருதுவும் தமிழும் கலந்து பேசுவாள், நான் தமிழில் பேசுவேன், இரண்டு பேரும் செடியைத் தவிர வேறு எதையும் பேச மாட்டோம். மனசுக்கு அவ்வளவு சுகமாக இருக்கும்.

காட்டு ஜாதியைச் சமவெளி வெயிலில் வைத்துக் காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. மலையில் ஈரப் பாறையில் ஒட்டி வளர்கிறது அது. ஆம்பூர் வெயிலோ ஆளையே வாட்டி எடுக்கும். பின்கட்டில் வடக்குப் பார்த்த சுவரோரம் கீற்றுப் பந்தல் போட்டேன். டேனரியில் தொட்டி வேலை முடிந்ததும் வெளியே கொட்டுகிற பட்டைச் சக்கையை ஏழைபாழைகள் அடுப்பெரிக்க அள்ளிக்கொண்டு போவார்கள். நானும் ஒரு கூடை அள்ளி வந்து, சாயம் போகிற வரைக்கும் அலசி, உலர்த்தி, ஆற்று மணலும் கரித்தூளும் கலந்து சட்டிகளில் நிரப்புவேன். தோலின் மயிரை உதிர்க்கிற சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் கிடக்கிற சக்கையை மட்டும் தொடக் கூடாது. ஒரு முறை தெரியாமல் எடுத்து, நல்ல செடி ஒன்று வேர் வெந்து செத்தது. அதற்குப் பிறகு நான் சக்கையை முகர்ந்து பார்க்காமல் கூடையில் போட்டதில்லை.

தண்ணீர்தான் பெரிய ரகளை. எங்கள் தெருக் கிணற்றில் உப்பு. டேனரிகள் வந்த பிறகுதான் உப்பு என்று தெருக்காரர்கள் சொல்வார்கள்; ஆதியிலிருந்தே உப்பு என்று முதலாளிமார் சொல்வார்கள். எப்படியோ, அந்தத் தண்ணீர் பட்டால் கோணலிலையின் ஓரம் கருகிவிடும். குடிக்கிற தண்ணீருக்கு எல்லோரும் பாலாற்று மணலில் ஊற்று தோண்டி மொண்டு வருவோம். நான் செடிகளுக்கு என்று இன்னொரு குடம் சுமந்து வருவேன். மனுஷர் குடிக்கிற தண்ணீரைச் சட்டியில் ஊற்றுகிறாளே என்று என் நாத்தனார் தினமும் தலையில் அடித்துக்கொள்வாள். குடம் என் இடுப்பில் வந்தது. அவள் இடுப்பில் வரவில்லை.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா. சின்ன வயதிலேயே தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டவள். தாய் தகப்பன் இல்லாத இரண்டு தம்பிகளையும் கஞ்சி காய்ச்சி ஊற்றி ஆளாக்கினவள் அவள்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நன்றிக்கடனை என் வீட்டுக்காரர் என்னை வைத்துத் தீர்த்தார். அக்கா எதிரில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. வெளியே நாலு வண்டிக்காரர்களை நிற்க வைத்து அதட்டுகிற மனுஷர், வீட்டுக்குள் வந்தால் அக்கா போட்ட கோட்டைத் தாண்ட மாட்டார்.

மற்றபடி அவர் என் செடிகள் விஷயத்தில் நல்லவராகத்தான் இருந்தார். இதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் அவர் செய்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்று விளங்காது. பட்டை பார்க்க மலைப் பக்கம் போனால், சோற்று மூட்டை கட்டிப் போன துணியை நனைத்து அதில் எனக்கு ஏதாவது செடி சுற்றிக்கொண்டு வருவார். பாறை இடுக்கில் இருந்தது, மரப் பொந்தில் இருந்தது என்று இடத்தைச் சொல்லித் தருவார். அப்படிக் கொண்டுவந்ததுதான் கம்பளிச் செடி.

ஆலங்காயத்துக்கு மேலே மலைக்குள் தண்ணீர் கசிகிற ஒரு பாறையில் அதைப் பார்த்ததாகச் சொன்னார். இலை உள்ளங்கை அகலம். மேலும் கீழும் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருக்கும்; தொட்டால் ஆட்டுக்குட்டிக் காதைத் தொட்டது போல இருக்கும். கிழங்கு மண்ணுக்குள் போகாமல் இஞ்சி மாதிரி மேலேயே ஊர்ந்து வரும். சாயபு வீட்டு அம்மாவிடம் ஓர் இலையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் வைத்திருந்த சீமைப் படப் புத்தகத்தில் இரண்டு பேரும் தேடினோம். அதில் இல்லை. பெங்களூரிலிருந்து செடி கொண்டுவருகிற ஆளிடம் அவள் கேட்டனுப்பினாள். அவனும் பார்த்ததில்லை என்றான்.

அடுத்த வருஷம் அந்த மலையில் மரம் இறக்கப் பாதை போட்டார்கள். பட்டை வண்டியோடு வந்த மலைக்காரி ஒருத்தியிடம், அந்தக் கசிவுப் பாறையிலிருந்து இன்னொரு துண்டு கொண்டுவந்து தருவாயா என்று கேட்டேன். அந்தப் பாறையே இப்போது இல்லையம்மா, வெடி வைத்து எடுத்துவிட்டார்கள், தண்ணீர்க் கசிவும் நின்றுவிட்டது என்றாள். சுற்றுப்பட்டுப் பாறைகளில் தேடிப் பார்க்கும்படி அவளிடம் சொன்னேன். என் வீட்டுக்காரரும் போகும்போதெல்லாம் தேடினார். எங்கேயும் இல்லை. அன்றைக்கு எனக்கு விளங்கியது, என் பின்கட்டு மூலையில் இருக்கிற ஒரு சட்டிதான் அந்தச் செடிக்கு மிச்சம் என்று.

ஒன்றை இரண்டாக்க என்னென்னவோ செய்தேன். கோணலிலை ஜாதியில் பலதும் இலையை மணலில் செருகினாலே வேர் விடும். இது விடவில்லை, அந்தப் பஞ்சு ஈரத்தை இழுத்துக்கொண்டு இலை அழுகியது. கிழங்கை வெட்டிப் பார்க்கத் துணியவில்லை. இருப்பது ஒன்று, அதுவும் சுண்டு விரல் நீளம். விதைதான் வழி. அந்தச் செடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூ முதலில் வந்து உதிர்ந்துவிடும், பிறகுதான் பெண் பூ விரியும். முதல் வருஷம் சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஏமாந்தேன். மறு வருஷம் ஆண் பூவைக் காகிதத்தில் மடித்து அரிசிப் பானைக்குள் வைத்து, பெண் பூ விரிந்ததும் விளக்குத் திரியில் தொட்டுத் தடவினேன். பூக்கள் கொட்டிப்போயின, ஒன்று மட்டும் நின்றது. மூன்று மூலையும் சிறகு வைத்த பச்சைக் காய். அது பழுப்பாகி உலர்ந்ததும் உள்ளே மூக்குப்பொடி மாதிரி விதை இருக்கும். அந்த ஒரு காய் உலர்ந்தால் நூறு செடி. நான் தினமும் காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் என் ஓரகத்தி முழுகாமல் இருந்தாள். ஓரகத்தி என்றால் என் கொழுந்தனாரின் பெண்சாதி. நெமிலிப் பக்கத்துப் பெண், சின்னப் பெண், வாயைத் திறந்து பேசவே பயப்படுவாள். வீட்டுக்கு முதல் வாரிசு என்பதால் நாத்தனார் அவளைத் தரையில் நடக்க விடவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். இதைச் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை, ஆனால் சந்தோஷம்தான். அவளுக்குக் கடுமையான மசக்கை. சோறு இறங்கவில்லை. புளிப்பு வேண்டும், புளிப்பு வேண்டும் என்பாள். புளியைத் தின்று தின்று நாக்கு வெந்துபோயிற்று.

பட்டை வண்டியோடு வந்த மலைக்காரி ஒரு நாள் பின்கட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, என் சாதாக் கோணலிலைத் தண்டு ஒன்றை ஒடித்து வாயில் போட்டு மென்றாள். மலையில் வாந்திக்கு இதைத்தான் மெல்லுவோம், புளிப்பாக இருக்கும் என்றாள். ஓரகத்தி ஒரு தண்டு மென்று பார்த்தாள். அன்று தின்ற சோறு வயிற்றில் நின்றது. அதற்குப் பிறகு தினமும் நானே தண்டு ஒடித்து, தோல் உரித்து, உப்பு தொட்டு அவளுக்குக் கொடுத்தேன். சாதாக் கோணலிலை சட்டி சட்டியாக இருந்தது, ஒடிக்க ஒடிக்கத் துளிர்க்கும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: மூலையில் இருக்கிற பஞ்சு இலைச் செடியை மட்டும் தொடாதீர்கள், அது ஒன்றுதான் இருக்கிறது, காய் முற்றிக்கொண்டிருக்கிறது.

அப்படிச் சொல்லியிருக்கவே வேண்டாம் என்று பிற்பாடு பலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் தெரியாமல் ஒடித்துவிட்டோம் என்று சொல்லியிருப்பார்கள். எப்படிப் போனாலும் தப்பு என் பேரில்தான். எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்காமல் மறைத்தால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும். அதனால் மசக்கைக்காரி எதைப் பார்த்தாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஒளித்து வைத்த பண்டம் இன்னும் மோசம். என் ஓரகத்தி அந்தச் செடிக்கு ஆசைப்படவே இல்லை. பஞ்சு பிடித்த இலையைப் பார்த்து யாருக்கு நாக்கு ஊறும்? ஆனால் நான் வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா. அந்த ஒரு சொல்லிலேயே என் நாத்தனாருக்கு அது ஒளித்து வைத்த பண்டம் ஆகிவிட்டது.

சாயபு வீட்டில் புதிதாக ஒரு தொட்டி பூத்திருக்கிறது, வந்து பார் என்று சொல்லியனுப்பியிருந்தாள் அந்த அம்மா. சமையலை முடித்துவிட்டுப் போய், உச்சி வெயில் சாய்வதற்குள் திரும்பிவிட்டேன். பின்கட்டில் கால் வைத்ததும் மூலைச் சட்டி கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தேன். அம்மிக்கல் ஈரமாக இருந்தது. ஓரகத்தி தட்டு முன்னால் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள். சோற்றின் ஓரத்தில் சாம்பல் பச்சையாக ஒரு துவையல்.

"அண்ணி, மூலைல இருந்த செடி எங்க?" என்று கேட்டேன்.

நாத்தனார் அம்மியைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அரைச்சாச்சு. நீ வாணாம் வாணாம்னு சொல்லிக்கினு இருந்தா அவ மனசு அதுமேலயேதான நிக்கும்? ஒளிச்சு வச்சத துன்னாம உட்டா புள்ளைக்கு ஆவாது."

நான் ஓரகத்தியைப் பார்த்தேன். நீ கேட்டாயா என்று கேட்டேன். அவள் தலையைத் தூக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கேட்கவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளும் அந்த வீட்டில் பிழைக்க வேண்டும், இப்போது புரிகிறது. ஆனால் புரிவது வேறு, மன்னிப்பது வேறு. எனக்கு அப்போது காயின் ஞாபகம்தான் வந்தது. இலை போகட்டும், கிழங்கு போகட்டும், காயையாவது தனியாக வைத்தீர்களா என்று கேட்டேன்.

"அந்த மூணு மூலக் காயா? அதுலதான்டி புளிப்பு ஜாஸ்தி" என்றாள் நாத்தனார்.

அப்போது நான் கத்தினேன். நீங்களெல்லாம் மனுஷங்களா என்று கத்தினேன். அவ்வளவுதான் சொன்னது, சத்தியமாக வேறு ஒரு வார்த்தை இல்லை. பிள்ளைத்தாய்ச்சி சாப்பிடுகிற இடத்தில் நின்று சாபம் விடுகிறாயே என்று நாத்தனார் அதைவிடப் பெரிதாகக் கத்தினாள். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. பெறாதவள் பெறப் போகிறவளைச் சபித்தாள் என்று. ஒரு துவையலுக்காகவா இப்படி என்று ஒருத்தி வந்து என்னிடமே கேட்டாள். எனக்கு அவள் கொண்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது. எப்படிச் சொல்வது இவர்களுக்கு? மலையும் பாறையும் சேர்ந்து எத்தனை காலமாகவோ வளர்த்த ஒன்று ஒரு வேளைச் சோற்றுக்குத் தொட்டுக்கையாகப் போயிற்று என்றால், ஐயோ பாவம், குழந்தை ஏக்கம் என்றார்கள். எது சொன்னாலும் என் வயிற்றுக்கே கொண்டுபோய் முடித்தார்கள். செடிக்காக ஒரு பொம்பளை கோபப்பட முடியும் என்பதே அவர்கள் புத்திக்கு எட்டவில்லை.

சாக்கடை ஓரத்தில் கொட்டின குப்பையைக் கையால் கிளறினேன். இலைக் காம்புகள் இருந்தன, சீவிப் போட்ட தோல் இருந்தது. அடியில் கிழங்கின் நுனி ஒன்று, மொச்சைக் கொட்டை அளவு, கசங்காமல் கிடந்தது. கழுவி, வெந்நீரில் அலசின மணலில் படுக்க வைத்தேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய், விளிம்பு உடைந்த லாந்தர்ச் சிம்னி ஒன்றை எடுத்து வந்து, காற்று படாமல் இருக்க அதன்மேல் கவிழ்த்தார். வாய் திறந்து அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லைதான். ஆனாலும் அந்தச் சிம்னிக்காக அவர்மேல் எனக்கு அன்றைக்குக் கோபம் கொஞ்சம் கம்மியாயிற்று.

நாள் போகப் போக நான் நம்பிக்கை விட்டுவிட்டேன். ஒரு காலையில் சிம்னிக்குள் பார்க்கிறேன், அந்த நுனியின் பக்கவாட்டில் வெள்ளையாக ஒரு முளை. பஞ்சு சுற்றின முளை. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்து, "பரவால்லியே, பொழச்சுக்கிச்சே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. தெரியாமல் செய்தார் என்று யாராவது அவருக்குப் பரிந்து வந்தால், அந்தச் சிரிப்பைச் சொல்வேன்.

அதற்குப் பிறகு ஓரகத்திக்கு வயிற்றுவலி கண்டது. கொஞ்சம் தீட்டும் பட்டது. கொழுந்தனார் காட்பாடி போகிற ரயிலைப் பிடித்து, வேலூருக்குப் போய் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவை அழைத்து வரக் கிளம்பினார். வீடு பதறிற்று, நானும் பதறினேன். அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் என்னை எழுந்திருக்கச் சொன்னாள். அவளைத் தொடாதே என்றாள். இவள் வளர்த்த காட்டுத் தழையில்தான் விஷம், அதைத் தின்னக் கொடுத்துக் கொடுத்துத்தான் இப்படி ஆயிற்று என்றாள். கேட்டீர்களா கதையை! துவையல் அரைத்த நாளில் நான் கொடுக்காத பாவி. வலி வந்த நாளில் கொடுத்த பாவி. ஒரே வாய், ஒரே அம்மிக்கல், ஒரே செடி. நடுவில் நான் மட்டும் மாறிக்கொண்டே இருந்தேன்.

பந்தலில் இருக்கிற அத்தனையும் இந்த நிமிஷமே வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் நான் போகிறேன் என்று அக்கா தம்பியிடம் சொன்னாள். அவர் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். ஒவ்வொரு சட்டியாகப் பிடுங்கிக் கூடையில் போட்டார். சாதாக் கோணலிலை, சாயபு வீட்டு அம்மா கொடுத்த வெள்ளிப்புள்ளி, எல்லாம் போயிற்று. நான் ஒன்றுக்கும் தடுக்கவில்லை. உள்ளே ஒரு பெண் வலியில் கிடக்கிறாள், எனக்கும் அறிவு உண்டு. அவர் சிம்னிக்குக் கை நீட்டியபோதுதான் குறுக்கே போய் நின்றேன்.

"இத்த மட்டும் உடுங்க. இந்த மொளைல யாரும் ஒரு இலகூட துன்னல. நீங்களே பாத்தீங்களே" என்றேன்.

"அக்கா மனசு ஆறட்டும்மே. அப்புறம் மலைலேர்ந்து வேற கொண்டாந்து தர்றேன்" என்றார்.

வேற. அந்தப் பாறை போனது எனக்கு மலைக்காரி சொல்லித் தெரியும். அவருக்கோ நேரில் போய்ப் பார்த்துத் தெரியும். சுற்றியிருக்கிற பாறையெல்லாம் தேடிவிட்டு வந்து கையை விரித்தவரே அவர்தான். எங்கேயிருந்து கொண்டுவருவீர்கள் என்று கேட்டேன். அவர் சிம்னியைத் தூக்கி ஓரமாக வைத்தார், உடையாமல், பத்திரமாக. மணலோடு அந்த முளையை அள்ளிக் கூடையில் போட்டார். டேனரியில் மயிரும் சுண்ணாம்பும் கொட்டுகிற குழியில் கொண்டுபோய்க் கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்தார். சுண்ணாம்பில் விழுந்தது முளைக்காது என்பது அந்த ஊரில் எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். குப்பைமேட்டில் போட்டிருந்தால்கூட நான் போய்ப் பொறுக்கியிருப்பேன். அதனால்தான் அங்கே போட்டாரோ என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கிறது.

டாக்டரம்மா மறுநாள் வந்து பார்த்தாள். வயிற்றில் குழந்தை நன்றாக இருக்கிறது, முதல் மாதங்களில் சிலருக்கு இப்படி ஆவதுதான், படுத்து ஓய்வெடுக்கட்டும் என்றாள். தழையால் வந்ததா என்று நாத்தனார் இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தாள். அதெல்லாம் இல்லை, ஆனால் கண்ட தழையையும் தின்ன வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். யாரும் என்னிடம் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. என் வீட்டுக்காரர் அன்றைக்கு இரண்டு கவளம் சோறு அதிகமாகவே சாப்பிட்டார். பரிமாறினவள் நான்தான்.

சாயபு வீட்டு அம்மா ஒருத்திதான் எனக்காகக் கோபப்பட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் சிவந்தது. நான் ஒரு பெரிய தொட்டியாகப் பார்த்துக் கொடுத்தனுப்புகிறேன், உன் நாத்தனாரை அதையும் அரைத்துத் தின்னச் சொல், மிளகாய் ஜாஸ்தியாக வைக்கச் சொல் என்றாள். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். ஆனால் அவள் கொடுத்த தொட்டியை நான் வாங்கவில்லை. அந்த வீட்டில் இனி ஒரு செடி வைத்து, அதைத் தொடாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் வீட்டுக்காரர் பிற்பாடு ஒரு முறை ரோஜாப் பதியன் ஒன்று வாங்கி வந்தார். அதை வாசலிலேயே வைத்துவிட்டேன். தண்ணீர் ஊற்றாமல் அது செத்ததை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். அவர் போய்ச் சேருகிற வரைக்கும் கம்பளிச் செடியைப் பற்றி எங்களுக்குள் ஒரு பேச்சு இல்லை. மன்னிப்புக் கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

குழந்தை பிறந்தது. பெண். நல்ல களையான குழந்தை. ஓரகத்திக்குப் பால் போதாததால் புட்டிப்பால் ஆற்றிக் கொடுத்தது நான், குளிப்பாட்டினது நான், தாலாட்டினது நான். அதையும் பார்த்து, ஏக்கம் என்றது ஊர். கேட்டுக் கேட்டு மரத்துப்போயிற்று. நடக்கிற வயதில் குழந்தைக்குக் காதில் சீழ் வடிந்தது. அந்த மழையில் எங்கள் தெருவில் பாதிக் குழந்தைகளுக்குச் சளி பிடித்துக் காது வடிந்தது. அத்தனை பேரின் தாய்மாரும் ஏதாவது செடியைத் தின்னாமல் விட்டவர்களா? கேட்டால் நாத்தனாரிடம் அதற்கும் பதில் இருந்தது. கொடுத்தாளே தவிர, மனசாரக் கொடுக்கவில்லையே என்றாள். அரைத்தது அவள். கொடுத்தது நானாம், அதுவும் மனசில்லாமல்.

குழந்தைக்கு விவரம் தெரிகிற வயது வந்தது. காது வலி விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அவளுக்குத் தலை வாரிப் பின்னிக்கொண்டிருந்தேன். வலது காது பக்கம் சீப்புப் பட்டதும் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள்.

"பெரிம்மா, நீ எனக்கு ஒரு செடிய குடுக்க மாட்டேன்னியாமே. அதான் எனக்குக் காது நோவுதாமே. அத்த சொன்னாங்க" என்றாள்.

கையில் அவள் சடை இருந்தது. பெரியவர்களிடம் நான் போட்ட சண்டை எதையும் இவளிடம் போட முடியாது. அப்படி இல்லையம்மா, பெரியம்மா மலையிலிருந்து ஒரு செடி வைத்திருந்தேன், அந்த மாதிரி வேறு எங்கேயும் இல்லை, நீ வயிற்றில் இருக்கும்போது அத்தை அதை உனக்காக அரைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்று நிதானமாகச் சொன்னேன். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். யோசித்தாள்.

"எங்க, காட்டு" என்றாள்.

இல்லையம்மா, போய்விட்டது என்றேன். வேறு ஒன்று இருக்குமே என்றாள். இல்லை என்றேன். இலை? இல்லை. படம்? அதுவும் இல்லை. காற்றில் விரலால் கோணலாக ஓர் இலை வரைந்து காட்டினேன். வெள்ளையாகப் பஞ்சு இருக்கும் என்றேன். எந்தச் செடியில் பஞ்சு இருக்கும், பருத்தியா என்று கேட்டாள். பருத்தி இல்லை என்றேன். 

"அப்ப பொய்யி" என்றாள். பாதிச் சடையை என் கையிலிருந்து உருவிக்கொண்டு அத்தையிடம் ஓடிப்போனாள்.

அந்தச் செடி இருந்தது என்பதற்கு உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தக் குழந்தையின் உடம்பு ஒன்றுதான். அது எழுந்து போய் என் நாத்தனாரின் மடியில் உட்கார்ந்துகொண்டது. நாத்தனார் மீதிச் சடையைப் பின்னிவிட்டாள்.